நோடாவுக்கு ஒரு நாள்: குடும்பத்தோடு சோயா சாஸ் ஊரைப் பார்த்துவர முழுமையான வழிகாட்டி

ரயில் கதவு திறந்ததும் அம்மா மூக்கை உறிஞ்சினார். "யாரோ பருப்பைக் குக்கர்ல வச்சுட்டு மறந்துட்டாங்கடா" என்றார். பிளாட்பாரத்தில் குக்கர் எதுவும் இல்லை. நோடா-ஷி ஸ்டேஷனின் வாசனையே அதுதான். அவித்த சோயா, வறுத்த கோதுமை, அடியில் லேசாக ஒரு புளிப்பு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்துச் சில நாள் தூக்கலாக இருக்கும், சில நாள் இருப்பதே தெரியாது.

நாங்கள் டோக்கியோவில் நிஷி-கசாயில் இருக்கிறோம். நான், மனைவி, பதினோரு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். டிஸ்னிலேண்ட், ஃபூஜி மலை, அசாகுசா கோயில் எல்லாம் காட்டி முடித்தாயிற்று. "கட்டடம் பார்த்தது போதும், இவங்க என்னத்தைத்தான் சாப்பிடறாங்க, அதைக் காட்டு" என்றார் ஒரு நாள். அப்போது தேடிப் பிடித்ததுதான் நோடா. அதற்கப்புறம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை போய்விட்டேன். முதல் முறை செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏன் நோடா?

சோயா சாஸை ஜப்பானில் ஷோயு என்பார்கள். அதன் பிறப்பிடம் என்று வாகயாமா மாகாணத்தின் யுவாசா ஊரைச் சொல்வது வழக்கம். 13ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து திரும்பிய ககுஷின் என்ற புத்தத் துறவி கின்ஸான்ஜி மிசோ என்ற நொதித்த சோயா விழுதைச் செய்யக் கற்றுக்கொடுத்தார், அந்த மிசோவில் ஊறி நின்ற நீர்தான் முதல் ஷோயு என்று அங்கே கதை உண்டு. ஷிகோகு அருகே ஷோதோஷிமா தீவில் இன்றும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மரத்தொட்டிகளில் காய்ச்சுகிறார்கள். இரண்டும் அருமையான இடங்கள். ஆனால் டோக்கியோவிலிருந்து குழந்தைகளோடு காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாது. நோடாவுக்குப் போய்வரலாம்.

சீபா மாகாணத்தின் வடமேற்கு மூலையில், எதோ ஆற்றுக்கும் தோனே ஆற்றுக்கும் இடையில் இருக்கிறது இந்த ஊர். எதோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். அந்த மாநகரத்துக்கு வேண்டிய ஷோயு இங்கிருந்து படகில் போனது. சோயாவும் கோதுமையும் சுற்றுவட்டாரச் சமவெளிகளிலிருந்து வந்தன. உப்பு எங்கிருந்து தெரியுமா? கியோதோகுவிலிருந்து! தோசாய் லைனில் நம் ஆட்கள் வாடகை வீடு தேடி அலைகிறோமே, அதே கியோதோகுதான். அந்தக் காலத்தில் அது உப்பளம். தினமும் கடந்துபோகும் ஸ்டேஷன் பெயரை ஷோயு வரலாற்றில் பார்த்ததும் என் பெண்ணுக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் நாம் பார்க்கப்போகும் ஷோயு ஆலையின் இயந்திரங்கள் ஓடாமல் இருக்கலாம். கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் எந்திரத்தைப் பார்ப்பதற்கும் ஓடுவதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பள்ளி விடுமுறை வரும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், அல்லது ஜூலைக் கடைசி இவற்றில் ஒரு வார நாளைப் பிடித்து அலுவலகத்துக்கு லீவு போடுங்கள். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை வாரத்தைத் தவிர்க்க வேண்டும். ஊரே மூடியிருக்கும், வெயிலும் தாங்காது. பூங்காவையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் செர்ரி பூக்கும் காலம்தான் என் சிபாரிசு.

இரண்டாம் படி: முன்பதிவு

கிக்கோமான் நிறுவனத்தின் நோடா ஆலையில் 'மோனோஷிரி ஷோயுகான்' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. 'விஷயம் தெரிந்த ஷோயு வீடு' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். நாங்கள் போனபோதெல்லாம் அனுமதி இலவசம். வழிகாட்டி கூட்டிப்போகும் சுற்றுக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், சுமார் ஒரு மணி நேரம் ஆகும். திறந்திருக்கும் நாளும் நேரமும் மாறக்கூடும் என்பதால் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் திட்டமிடுங்கள்.

பதிவு செய்யும்போது காலைச் சுற்றையே கேளுங்கள். முதல் தடவை நான் மதியத்துக்குப் போட்டேன். சாப்பிட்ட மயக்கத்தில் பையன் விளக்கப்படம் ஓடும் அறையில் தூங்கிவிட்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மீதி ஆலையைப் பார்த்தேன்.

சுற்றில் பேசுவது பெரும்பாலும் ஜப்பானிய மொழி. மொழி தெரியாவிட்டால் பாதி சுவை போய்விடும், அதனால்தான் நான்காம் படியை விரிவாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் படி: ரயில்

போக வேண்டிய ஸ்டேஷன் நோடா-ஷி. மேப்பில் வெறும் 'நோடா' என்று அடித்தால் ஒசாகாவில் இருக்கும் நோடாவுக்கு வழி காட்டும். புல்லட் ரயிலில் ஏறு என்று அது சொன்னால் தப்பான நோடா என்று புரிந்துகொள்ளுங்கள்.

சுலபமான வழி: அகிஹபாராவிலிருந்தோ கிதா-செஞ்ஜுவிலிருந்தோ ட்ஸுகுபா எக்ஸ்பிரஸ் பிடித்து நாகரேயாமா-ஓதாகானோமோரியில் இறங்குங்கள். விரைவு வண்டி என்றால் அகிஹபாராவிலிருந்து அரை மணிக்குள் வந்துவிடும். அங்கே தோபு அர்பன் பார்க் லைனுக்கு மாறி, கசுகாபே, ஓமியா திசையில் போகும் வண்டியில் ஏற வேண்டும். கஷிவா திசையில் ஏறினால் நோடாவுக்கு எதிர்ப்பக்கம் போவீர்கள். மாறிய பிறகு கால் மணி நேரம்தான்.

நிஷி-கசாய், கியோதோகுக்காரர்கள் தோசாய் லைனில் நிஷி-ஃபுனாபாஷி, அங்கிருந்து ஜேஆரில் ஃபுனாபாஷி, அப்புறம் அதே அர்பன் பார்க் லைன் என்றும் போகலாம். கஷிவாவில் பெரும்பாலும் வண்டி மாற வேண்டியிருக்கும். நேரம் கூடுதல், ஆனால் டோக்கியோ நடுவின் காலை நெரிசல் இல்லை. தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் இதுவே மேல்.

நோடா-ஷியில் இறங்கி ஆலைக்கு நடந்தே போகலாம், சில நிமிடங்கள்தான்.

நான்காம் படி: முதல் நாள் இரவே கதையைச் சொல்லிவிடுங்கள்

குழந்தைகளுக்கு மட்டுமில்லை, கூட வரும் பெரியவர்களுக்கும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது நான்கு கிண்ணங்களை மேசையில் வைத்தேன். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர். "இவ்வளவுதான் ஷோயு. வேற ஒண்ணும் கிடையாது" என்றதும், "அப்ப கறுப்பு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள் பெண். சரியான கேள்வி. அதற்கு விடை சொன்னால் முழு செய்முறையும் வந்துவிடும்.

சோயாவை அழுத்தத்தில் அவிக்கிறார்கள். கோதுமையை வறுத்து உடைக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. இந்தக் கலவையில் கோஜி என்ற பூசணத்தின் வித்துகளைத் தூவி, கதகதப்பாக, ஈரமாக வைத்தால் மூன்று நாளில் மஞ்சளும் பச்சையுமாகப் பூத்துப் பொங்கிவிடும். பூசணம் என்றதும் அம்மா முகத்தைச் சுளித்தார். வீட்டில் ரொட்டியில் பிடித்தால் தூக்கிப் போடுகிறோம், இங்கே அதை வளர்க்கிறார்கள். ஜப்பானின் காய்ச்சுத் தொழில் ஆய்வுச் சங்கம் 2006இல் கோஜியை 'நாட்டின் பூசணம்' என்றே அறிவித்தது. நமக்கு மயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அதை உப்புக் கரைசலில் கொட்டுகிறார்கள். இந்தக் கூழுக்கு மொரோமி என்று பெயர். இனிமேல் அவசரமே கிடையாது. கோஜி விட்டுச்சென்ற நொதிகள் சோயாவின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கும், கோதுமையின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். புரதம் உடைந்து வரும் குளுட்டமேட்தான் நாக்கில் நிற்கும் அந்தச் சுவை. 1908இல் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து உமாமி என்று பெயர் வைத்தார். அப்புறம் லாக்டிக் பாக்டீரியா வந்து புளிப்பைத் தருகிறது. ஈஸ்ட் வந்து சர்க்கரையைக் கொஞ்சம் ஆல்கஹாலாகவும் வாசனையாகவும் மாற்றுகிறது. உப்பு இவ்வளவு இருப்பதால் கெடுக்க வரும் மற்ற கிருமிகள் அண்டாது. ஆலையில் இதற்கு ஆறு மாதம் போல ஆகும். மரத்தொட்டியில் பருவங்களின் போக்கில் விட்டால் ஒரு வருடம், அதற்கு மேலும்.

கறுப்பு? சர்க்கரையும் அமினோ அமிலமும் மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்து உண்டாக்கும் நிறம். தோசைக்கல்லில் தோசை சிவப்பதும் இதே வினைதான், அங்கே இரண்டு நிமிடம், இங்கே அரை வருடம். உண்மையில் அது கறுப்பும் இல்லை. வெள்ளைத் தட்டில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், செம்பழுப்பு. நம் வீட்டில் 'சோயா சாஸ்' என்று வாங்கும் கன்னங்கரேல் சீனப்பாணி டார்க் சாஸ் வேறு பொருள், அதில் பெரும்பாலும் கேரமல் சேர்த்திருக்கும்.

ஐந்தாம் படி: ஆலைக்குள்

விளக்கப்படம், பிறகு கண்ணாடி வழியே உற்பத்தி, கடைசியில் கடை. சுற்று போகும் வழி இதுதான். எல்லா இடத்திலும் ஒரே அளவு நிற்க வேண்டாம். நான் மூன்று இடங்களில் நின்று பார்க்கச் சொல்வேன்.

ஒன்று, கோஜி. கண்ணாடிக்கு அப்பால் என்பதால் இங்கே கெடுபிடி இல்லை. ஆனால் கோஜி அறைக்குள்ளேயே விடும் சின்னக் காய்ச்சுசாலைகளுக்கு என்றைக்காவது போவதாக இருந்தால், அன்று காலை நட்டோ என்ற பிசுபிசுப்பான நொதித்த சோயாவைச் சாப்பிடாதீர்கள். நட்டோவின் பாக்டீரியா மகா முரடு, கோஜிக்குப் போட்டியாக வந்து நின்றுவிடும் என்று பயப்படுவார்கள். நட்டோவைப் பார்த்தாலே ஓடும் நமக்கு இது ஒரு கஷ்டமே இல்லை.

இரண்டு, மொரோமியின் வெவ்வேறு வயது. புதிதாகக் கலந்தது கடுகுச் சட்னி மாதிரி வெளிர் நிறத்தில் கெட்டியாக இருக்கும். மாதம் ஏற ஏறக் கரைந்து, சிவந்து, கருத்துப்போகும். முகர்ந்து பார்க்க வைத்திருந்தால் வரிசையாக முகர்ந்து பாருங்கள். முதலில் மாவு மணம், அப்புறம் ஏதோ பழம், கடைசியில்தான் நமக்குத் தெரிந்த ஷோயு வருகிறது. ஷோயுவில் சுமார் 300 வாசனைப் பொருட்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். காப்பி, வெனிலா, பூ, பழம் எல்லாவற்றிலும் இருப்பவை அதில் உண்டு. அம்மா மூன்றாவது ஜாடியில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றார். "வாழைப்பழம் கனிஞ்சு போன மாதிரி" என்றார். பெண் இல்லவே இல்லை என்றாள். அந்தச் சண்டை வீடு வரை ஓடியது.

மூன்று, பிழியும் இடம். எந்தக் காய்ச்சுசாலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். மொரோமியைத் துணியில் ஊற்றி, துணியை மடித்து, மேலே மறுபடி ஊற்றி, மறுபடி மடித்து அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இந்த ஆலையில் அந்தத் துணியின் நீளம் சுமார் 2,800 மீட்டர் என்கிறார்கள். எடுத்ததும் அழுத்த மாட்டார்கள். முதலில் தன் பாரத்திலேயே சொட்டட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம்தான் மெதுவாக நெருக்குவார்கள். அவசரப்பட்டால் ஷோயு கலங்கிவிடும். சொட்டி வருவதன் மேல் சோயா எண்ணெய் மிதக்கும், அதை நீக்குவார்கள். சக்கை காய்ந்த அட்டை போல் உரிந்து வரும், அது மாட்டுத் தீவனமாகிறது. பிழிந்து வந்ததைச் சூடாக்கிக் கிருமி நீக்கி பாட்டிலில் அடைக்கிறார்கள். அந்தச் சூட்டில் நிறமும் மணமும் இன்னும் கொஞ்சம் கூடும்.

பையனுக்கு வேலை வேண்டும் என்பதால் அறுகோணம் எண்ணச் சொன்னேன். கிக்கோ என்றால் ஆமையோடு, மான் என்றால் பத்தாயிரம். ஆமை பத்தாயிரம் ஆண்டு வாழும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர், அதனால்தான் முத்திரை ஆமையோட்டுக் கட்டம். சுவரில், பாட்டிலில், குழாய் மூடியில் என்று தேடித் தேடி 41 வரை வந்து விட்டுவிட்டான்.

பக்கத்திலேயே கோயோகுரா என்ற காய்ச்சுசாலை இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். அரண்மனைக்கு ஷோயு செய்வதற்காக 1939இல் எதோ ஆற்றங்கரையில் கட்டியது. கட்டடம் பழசானதால் 2011இல் இங்கே மாற்றி அமைத்தார்கள். பழைய கூரைச் சட்டங்களும் மரத்தொட்டிகளும் கருவிகளும் அங்கிருந்து வந்தவை. இன்றும் இதில் தேவதாரு மரத்தொட்டியில் ஒரு வருடம் ஊறவைத்து அரச குடும்பத்துக்கு ஷோயு செய்கிறார்கள். ஆலையில் எஃகுக் குழாய்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் அதே நான்கு பொருள், அதே வரிசை, ஆனால் அளவு வேறு என்று குழந்தைகளுக்கே புரிகிறது.

கடைசியில் ஒரு சின்ன காஃபே. ஷோயு கலந்த சாஃப்ட் ஐஸ்கிரீம் கிடைக்கும். உப்பிட்ட கேரமல் போல இருக்கும். அம்மா "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பேரனுடையதில் பாதியைத் தீர்த்தார். ருசி பார்க்க வெவ்வேறு ஷோயு வைத்திருந்தால் சொட்டுச் சொட்டாக மட்டும் பாருங்கள். சாதாரண ஷோயுவில் 16 சதவீதம் போல உப்பு இருக்கிறது. ரத்த அழுத்தக்காரர்கள் நாக்கு நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மதியச் சாப்பாடு

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியதே இந்தப் படிதான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே சிக்கல் இல்லை. ஒரு தெய்ஷோகு கடையில் உட்காருங்கள். சாதம், மிசோ சூப், ஊறுகாய், ஒரு முக்கியப் பதார்த்தம், ஓரிரு சிறு கிண்ணங்கள். இச்சிஜூ-சான்சாய், அதாவது ஒரு சூப்பும் மூன்று பதார்த்தமும் என்ற பழைய வரிசையின் வம்சம் அது. ஜப்பானிய உணவு மரபான வாஷோகு 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் சாரம் இந்தத் தட்டில் இருக்கிறது. காலையில் பார்த்த ஷோயு எத்தனை கிண்ணத்தில் ஒளிந்திருக்கிறது என்று குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சைவக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். ஷோயு சைவம்தான். பிரச்சினை ஷோயுவில் இல்லை, தாஷியில். தாஷி என்பது கொம்பு கடற்பாசியையும் கட்ஸுவோபுஷி என்ற உலர்த்திய சூரை மீன் சீவலையும் ஊறவைத்து எடுக்கும் சாறு. மிசோ சூப், சோபா என்ற நூடுல்ஸுக்கான குழம்பு, வேகவைத்த கீரை, முட்டைப் பொரியல், தோஃபு மேல் ஊற்றுவது என எல்லாவற்றிலும் அது இருக்கும். கறி இல்லை, மீன் இல்லை என்று கடைக்காரர் மனதாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, சாற்றை அவர் மீனாக நினைப்பதில்லை. அப்படித்தான் முதல் முறை ஒரு கடையில் அம்மாவுக்கு ஜாரு சோபா, அதாவது குழம்பில் தொட்டுச் சாப்பிடும் குளிர்ந்த சோபா, வாங்கிக்கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு, "என்னடா, கருவாட்டுக்கடை வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு" என்றார். அதற்கப்புறம் அந்தக் கடையில் அவர் வெறும் தண்ணீர்தான் குடித்தார். தப்பு என்னுடையது, கேட்ட கேள்வி தப்பு.

கேட்க வேண்டிய கேள்வி இது: "கட்ஸுவோ தாஷி ஹாய்த்தே இமாஸ் கா?" கட்ஸுவோ தாஷி சேர்ந்திருக்கிறதா என்று அர்த்தம். பெரும்பாலும் "ஹாய்", அதாவது ஆமாம் என்றுதான் பதில் வரும். அப்போது கைகொடுப்பவை: வெறும் சாதம், உப்பு மட்டும் போட்ட ஒனிகிரி என்ற சோற்று உருண்டை, வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாகி சுஷி, எதமாமே என்ற அவித்த பச்சைச் சோயா, மேலே எதுவும் தூவாத குளிர்ந்த தோஃபு. மீன் சீவல் வேண்டாம் என்று தோஃபுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இனாரி சுஷியின் பொரித்த தோஃபு பையைத் தாஷியில் வேகவைப்பது வழக்கம், பார்க்க சைவமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மேசையில் இருக்கும் பாட்டிலில் 'தாஷி ஷோயு' என்று இருந்தால் அதிலும் மீன் இருக்கலாம்.

இரண்டாவது முறையிலிருந்து நாங்கள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போகிறோம். ஜப்பானில் பெந்தோ கொண்டுவந்து பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவது சாதாரண விஷயம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் எடுத்துப்போய், கடையில் வாங்கிய எதமாமேயும் தோஃபுவும் சேர்த்துக்கொள்வோம்.

வேறு இரண்டு எச்சரிக்கை. ஷோயுவில் கோதுமை உண்டு, ஒவ்வாமை இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நொதிப்பில் இயற்கையாகவே இரண்டு சதவீதம் போல ஆல்கஹால் உண்டாகிறது. சமையலில் ஷோயுவோடு ஜோடியாக வரும் மிரின் என்ற இனிப்பான அரிசி மது அதைவிடக் கடுமை, அதில் 14 சதவீதம் போல. மத நியமம் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். வெளிர் நிற மிரினுக்குப் பேர்போன நாகரேயாமா, நீங்கள் காலையில் ரயில் மாறிய அதே ஊர்தான்.

ஏழாம் படி: ஊருக்குள் ஒரு நடை

ஆலையோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நோடா நகர அருங்காட்சியகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1959இல் திறந்தது. பழைய பீப்பாய்கள், முத்திரைகள், விளம்பரங்கள் என்று ஷோயுவுக்கான பொருட்கள் நிறைய. அதே வளாகத்தில் இருக்கும் பழைய மரவீடு மோகி சாஹேய்ஜி குடும்பத்துடையது, தோட்டத்தோடு. கிக்கோமான் என்ற முத்திரை முதலில் அந்தக் குடும்பத்துக்குத்தான் சொந்தம்.

இந்த ஊரில் 1661இல் தகானாஷி குடும்பம் ஷோயு காய்ச்சத் தொடங்கியது. அடுத்த வருடம் மோகி குடும்பம் மிசோவில் இறங்கி, பிறகு ஷோயுவுக்கு வந்தது. இரு நூற்றாண்டுக்கு மேல் போட்டியும் சம்பந்தமுமாக ஓடி, 1917இல் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே நிறுவனமாயின. அதுதான் இன்றைய கிக்கோமான். எல்லாம் இனிப்பான கதையும் இல்லை. 1927 செப்டம்பரில் தொடங்கி 1928 ஏப்ரல் வரை, ஏழு மாதத்துக்கும் மேல், தொழிலாளர்கள் இங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். போருக்கு முந்தைய ஜப்பானின் மிக நீண்ட வேலைநிறுத்தம் அது. அமைதியான இந்தத் தெருக்களில் நடக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

தகானாஷி குடும்பத்தின் வீடு காமிஹனாவா வரலாற்றகமாக இருக்கிறது. வருடம் முழுக்கத் திறந்திருக்காது, பார்த்துவிட்டுப் போங்கள்.

குழந்தைகள் இதற்குள் முனக ஆரம்பித்திருப்பார்கள். அதே ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஷிமிசு-கோயென். 1894இல் மோகி குடும்பத்தவர் ஒருவர் அமைத்த பூங்கா. மரத்தில் ஏறித் தாவும் தடைப்பாதைகள் இருக்கின்றன, தண்ணீருக்கு மேல் போவதும் உண்டு. கண்டிப்பாக விழுவார்கள். மாற்று உடை இரண்டு ஜோடி, காலுறை உட்பட. பாட்டிக்குப் பெஞ்ச் உண்டு.

எட்டாம் படி: பாட்டிலைப் படித்து வாங்குவது

கடையில் வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். வகை ஐந்துதான். கோய்குச்சி என்பது சாதாரணமானது, ஜப்பானில் விற்பதில் பெரும்பங்கு இதுதான், ஒரே ஒரு பாட்டில் வாங்குவதானால் இதை வாங்குங்கள். உசுகுச்சி நிறத்தில் வெளிர், ஆனால் உப்பு கோய்குச்சியைவிட அதிகம். 'லைட்' என்று நினைத்து வாங்கிப் பொரியலைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். தாமாரி பெரும்பாலும் சோயாவிலேயே செய்வது, கெட்டி. சாய்ஷிகோமி என்பது உப்புக்கரைசலுக்குப் பதில் ஷோயுவையே ஊற்றி மறுபடி காய்ச்சுவது, விலை அதிகம், தொட்டுக்கொள்ள மட்டும். ஷிரோ பெரும்பாலும் கோதுமை, வெளிர் பொன்னிறம்.

லேபிளில் 'ஹோன்ஜோசோ' என்றால் மேலே சொன்ன முறையில் முழுக்க நொதிக்கவைத்தது. 'மாருதைசு' என்றால் எண்ணெய் எடுத்த சோயாவுக்குப் பதில் முழுச் சோயா. 'நாமா' என்றால் சூடாக்காதது. 'கென்-என்' உப்பு குறைத்தது, அம்மாவுக்கு அதைத்தான் வாங்கினோம். பின்பக்கப் பொருள் பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டுங்கள். சோயா, கோதுமை, உப்பு இவை மூன்றும் முதலில் வந்தால் சரி.

சிவப்பு மூடிச் சின்ன மேசை பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏகுவான் கென்ஜி 1961இல் வடிவமைத்தது. ஊற்றி நிமிர்த்தினால் கழுத்தில் ஒரு சொட்டு வழியாது. எண்ணெய்த் தூக்கோடு போராடும் வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒன்பதாம் படி: வீட்டில் செய்து பார்ப்பது

அன்று இரவே செய்தால்தான் குழந்தைகளுக்கு நாக்கும் நினைவும் சேரும். சுலபமானது யாகி ஒனிகிரி. ஜப்பானிய அரிசிச் சாதத்தைச் சூட்டோடு, ஈரக் கையால் அழுத்தி முக்கோணமாகப் பிடியுங்கள். நம் பொன்னியில் பிடிபடாது. தோசைக்கல்லில் துளி எண்ணெய் தடவி, சின்னத் தீயில் இரண்டு பக்கமும் மேல்தோல் இறுகும்வரை விடுங்கள், பத்து நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் ஷோயு தடவக் கூடாது, தடவினால் சாதம் உதிரும், ஷோயு கருகும். தோல் இறுகிய பிறகு மெல்லியதாகத் தடவித் திருப்பி, அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். 'சொய்ங்' என்று ஒரு புகை வரும். காலையில் பிளாட்பாரத்தில் வந்த அதே வாசனை.

சைவத் தாஷிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, நாலைந்து உலர்ந்த ஷிதாகே காளான் போட்டு இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மெதுவாகச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்பே கொம்பை எடுத்துவிட வேண்டும், கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். இந்தத் தாஷி நான்கு பங்கு, ஷோயு ஒரு பங்கு, மிரின் ஒரு பங்கு. மிரினை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு ஆல்கஹாலைப் போக்கிவிட்டுச் சேர்க்கவும். மிரின் வேண்டாதவர்கள் கொஞ்சம் சர்க்கரை. ஆறவைத்தால் சோபாவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு தயார். அம்மா முழுசாகச் சாப்பிட்ட ஜாரு சோபா வீட்டில் செய்த இந்தச் சோபாதான்.

திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கெடாது, ஆனால் மணம் போய்விடும். காற்றுப் புகாத இரட்டைச் சுவர் பாட்டில் என்றால் வெளியிலேயே மூன்று மாதம் தாங்கும். ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் வைக்க வேண்டும். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்ட், அதன்மேல் ஒரு பழைய துண்டு, பெட்டியின் நடுவில். அம்மாவின் பாட்டில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊர் போய்ச் சேர்ந்தது. தயிர்சாதத்தில் விட்டுக்கொள்கிறார் என்று அண்ணி போனில் புகார் சொல்கிறார்.